ஒரே தவறை எழுதிய வகுப்பின் ஆசிரியைக்கு

அமிலத்தையும் காரத்தையும் அளந்து அளந்து ஊற்றி, அன்பை மட்டும் அளக்காமல் ஊற்றிய அம்மையீர்! கந்தக நெடிக்கும் சுண்ணக்கட்டித் தூளுக்கும் நடுவே காலமெல்லாம் களைக்காது நின்ற கண்ணியமே! கண்ணாடிக் குழாய் உடைந்தாலும் கலங்காமல், மாணவர் மனம் உடைந்தால் மட்டும் கலங்கிய மாண்பே! எங்கள் பள்ளியின் வேதியியல் ஆசிரியை அவர்களே! பணி நிறைந்து விடைபெறும் இவ்வேளையில், உடன் பணியாற்றிய நாங்கள் அனைவரும் எழுந்து நின்று உங்களை வணங்குகிறோம்.

பாராட்டு மடல் என்றால் புகழ்மொழிகள் அணிவகுக்க வேண்டும். பொறுமைக்கு உவமை, புலமைக்கு உவமை, புன்னகைக்கு உவமை என்று அடுக்கிவைக்க எங்கள் தமிழாசிரியர் ஆயத்தமாகவே இருந்தார். இரண்டு வரி எழுதியதும் பேனாவை மூடிவிட்டார். “இதை வாசிச்சா அந்தம்மா பாதியிலேயே எழுந்து கை கழுவப் போயிடுவாங்க” என்றார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஆகவே உங்களை ‘நீங்கள்’ என்று விளிப்பதைச் சற்று நிறுத்திவைத்து, யாரோ ஓர் ஆசிரியைக்கு நேர்ந்ததைச் சொல்வதுபோல் சொல்லப்போகிறோம். உங்களை நாற்காலியில் உட்காரவைக்க எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்த ஆசிரியைக்குக் குரல்தான் சொத்து. கடைசி வரிசையில் கண்ணயர்பவனைப் பெயர் சொல்லாமலே எழுப்பிவிடும் குரல் அது. மாணவர் ஐயம் கேட்டு வாயை மூடுவதற்குள் விடை வந்து விழுந்துவிடும். அதுவும் ஒரு விடை அல்ல, அந்த விடைக்கு அண்ணன் தம்பி அத்தனையும் சேர்ந்து வரும். ஓராண்டு, பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தபோது, அந்தக் குரல் கம்மியது. பிறகு கட்டிப்போயிற்று. குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, அறுவை செய்தாக வேண்டும், செய்த பிறகு சில வாரங்களுக்கு வாயையே திறக்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாடத்தில் கடினமான பகுதிகள் இன்னும் பாக்கி. மாற்று ஆசிரியர் வருகிறார், வருகிறார் என்றார்கள்; வந்தபாடில்லை.

வீட்டில் வாய்மூடிக் கிடந்த ஆசிரியைக்குத் தெரியாமல், இங்கே அவருடைய மாணவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பள்ளி முடிந்ததும் ஆய்வகத்தின் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பழைய ஆண்டுகளின் வினாத்தாள்களைப் பரப்பினார்கள். பாடத்தைப் பகுதி பகுதியாகப் பங்கிட்டுக்கொண்டு, ஒவ்வொருவரும் தம் பங்கைத் தாமே முட்டி மோதிப் படித்து, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என்று ஏற்பாடு. அதற்குச் சில சட்டங்களும் போட்டுக்கொண்டார்கள். புரியவில்லை என்பவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. புரிந்தது என்பவர், புரிந்ததைத் தன் வாயால் திருப்பிச் சொல்லிக்காட்ட வேண்டும். இந்த இரண்டாவது சட்டத்துக்கு எல்லோரும் நடுங்கினார்கள்.

இவர்களில் இருவரை மட்டும் இங்கே அறிமுகப்படுத்துகிறோம். ஒருத்திக்கு ‘வக்கீல்’ என்று பட்டப்பெயர். மணி அடித்துவிட்டது என்று சொன்னால்கூட எந்த மணி என்று கேட்கும் பெண். வேதிச் சமநிலை என்ற பகுதி அவள் பங்குக்கு வந்தது. இன்னொருவன் ‘கொக்கு’. கால்கள் எந்தப் பெஞ்சுக்குக் கீழேயும் அடங்காது. லாரி ஓட்டுநரின் மகன். வேதியியல் என்றாலே அவனுக்கு வேப்பங்காய். ஆனால் எப்படியாவது தேறியாக வேண்டும். தேறினால் ஒரு பெரிய பட்டறையில் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்வதாக அவன் அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள்.

நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா ஆகிற வினையை வக்கீல் நடத்தினாள். இந்தப் பக்கம் நான்கு பங்கு வாயு, அந்தப் பக்கம் இரண்டு பங்கு. அழுத்தம் கூடினால் வினை எந்தப் பக்கம் சாயும்? கொக்கு விழித்தான். அவள் புத்தகத்தை மூடினாள்.

“பஸ்ஸுல நாலு பேர் காலை நீட்டி சொகுசா உட்கார்ந்திருக்காங்க. அடுத்த ஸ்டாப்புல திமுதிமுன்னு கூட்டம் ஏறுது. நாலு பேரும் என்ன பண்ணுவாங்க?”

“ஒடுங்கிக்குவாங்க.”

“அவ்வளவுதான்டா. நாலு ரெண்டா ஒடுங்கிடும். அம்மோனியா பக்கம்.”

கொக்குவின் முகம் மலர்ந்தது. மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகத் திருப்பிச் சொன்னார்கள். எல்லோர் வாயிலும் பேருந்து ஓடியது.

தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. ஆனால் ஒரு கொக்கி போட்டு வந்தது. பாத்திரத்தின் கொள்ளளவு மாறாமல், அதற்குள் ஆர்கான் வாயுவைச் செலுத்தினால் சமநிலை என்ன ஆகும்? ஆர்கான் யாரோடும் ஒட்டாத வாயு. அது உள்ளே வந்தால் மொத்த அழுத்தம் கூடும். ஆனால் ஏற்கெனவே இருப்பவர்களின் இடம் குறைவதில்லை, ஆகவே சமநிலை இம்மியும் நகராது. அதுதான் சரியான விடை. எங்கள் பிள்ளைகளோ கூட்டம் ஏறிய பேருந்தை நினைத்தார்கள். வினை அம்மோனியா பக்கம் நகரும் என்று எழுதினார்கள். எழுதியதோடு நின்றார்களா? விளக்கம் கேட்டிருந்தது, விளக்கத்தில் பேருந்தையும் எழுதினார்கள்.

விடைத்தாள் திருத்தியவர் முதல் பேருந்தைக் கண்டு சிரித்தாராம். இரண்டாவதில் புருவத்தை உயர்த்தினாராம். கட்டு முழுவதும் பேருந்தாகவே வரவும், பேனாவை வைத்துவிட்டு மேலிடத்துக்கு எழுதிவிட்டார். ஒரு வகுப்பே ஒரே தவறை, ஒரே உவமையோடு எழுதியிருக்கிறது; ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள், அல்லது யாரோ வெளியிலிருந்து விடை கொடுத்திருக்கிறார்கள். அந்த வகுப்பின் தேர்வு முடிவு நிறுத்திவைக்கப்பட்டது.

ஆசிரியை அப்போதுதான் பேசத் தொடங்கியிருந்தார். தலைமையாசிரியர் அவரை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்திவிட்டு, மாணவர்கள் ஆய்வகத்தில் கூடிப் படித்ததிலிருந்து முடிவு நின்றதுவரை எல்லாவற்றையும் சொன்னார். கெட்ட மனிதர் அல்லர் அவர்; பிள்ளைகளை எப்படியாவது கரை சேர்க்க வேண்டும் என்ற தவிப்பு.

“டீச்சர், ஒரு வழி இருக்கு. ‘நான்தான் வகுப்புல அப்படி நடத்தினேன், பஸ் உதாரணமும் நான் சொன்னதுதான்’னு எழுதிக் கொடுத்துடுங்க. டீச்சர் சொன்னதைத்தான் எல்லாரும் எழுதினாங்கன்னு ஆயிடும். காப்பிங்கிற பேச்சே போயிடும். அந்தக் கேள்விக்குக் கருணை மதிப்பெண்கூடக் கிடைக்கும்.”

“எனக்கு?”

“உங்க பணிக் குறிப்புல ஒரு வரி ஏறும். தப்பா நடத்தினாங்கன்னு. நான் பேசிப் பார்க்கிறேன்.”

“வேற வழி?”

“அதிகாரி வருவார். பிள்ளைங்களை ஒவ்வொருத்தரா விசாரிப்பார். அவர் நம்பினா உண்டு. நம்பலைன்னா ஒரு வருஷம் போச்சு.”

ஆசிரியை வெளியே வந்து தாழ்வாரத்தில் நடந்தார். தன் பணிக் குறிப்பில் ஒரு வரி ஏறுவது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. பிள்ளைகள் தப்பித்துக்கொள்வார்கள் என்றால் பத்து வரிகூட ஏறட்டும். அவரை வேறொன்று உறுத்தியது. தான் இல்லாத நாட்களில் அந்தப் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் அழுதுகொண்டு உட்காரவில்லை. ஒருவருக்கொருவர் ஆசிரியராக இருந்திருக்கிறார்கள். ‘நான்தான் நடத்தினேன்’ என்று எழுதினால், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றாகிவிடும். அந்தத் தவறுகூட அவர்கள் உழைத்துச் சம்பாதித்தது. அதை எப்படித் தன் பெயருக்கு எழுதிக்கொள்வது? ஆனால் உண்மையைச் சொல்லப்போய் அவர்கள் ஆண்டு வீணானால், இழப்பவர் அவர்களே அன்றித் தானல்ல. அடுத்தவர் வாழ்க்கையைப் பணயம் வைத்து உண்மை பேசுவது எளிது என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது.

ஆகவே அவர் ஆய்வகத்துக்குப் போய், கூடியிருந்த மாணவர்களிடம் இரண்டு வழிகளையும் ஒளிக்காமல் சொன்னார். “இது உங்க வருஷம். நான் முடிவு பண்ண முடியாது. நீங்களே பேசி முடிவு பண்ணுங்க.”

வக்கீல் முதலில் கேட்டது அதைப் பற்றி அல்ல. “டீச்சர், நாங்க எழுதினது தப்பா?”

நாவின் நுனியில் விடை நின்றது. காலமெல்லாம் கேள்வி காதில் விழுந்த கணமே விடை சொல்லிப் பழகியவர். அன்று பல்லைக் கடித்துக்கொண்டார். இப்போது சரியான விடையைச் சொன்னால், அதிகாரியின் முன் எல்லோரும் அதையே ஒப்பிப்பார்கள். அன்று என்ன புரிந்து எழுதினார்கள் என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

“இப்ப சொல்ல மாட்டேன்ம்மா” என்றார். அவர் அப்படிச் சொல்லி அந்த வகுப்பு கேட்டதே இல்லை.

கொக்கு தலையைக் குனிந்துகொண்டே பேசினான். “நீங்க எழுதிக் கொடுத்துடுங்க டீச்சர். எனக்குப் பயமா இருக்கு. எங்கப்பா அந்தப் பட்டறைக்காரங்ககிட்ட எத்தனை தடவை போய் நின்னாரு தெரியுமா?”

“அதுக்காக டீச்சர் தலையில பழியைப் போடுறதா?” என்று வக்கீல் சீறினாள். “டீச்சர் எப்படி தப்பா நடத்தியிருப்பாங்க? அவங்கதான் வரவே இல்லையே!”

யாரோ சிரித்தார்கள். உடனே சிரிப்பு அடங்கியது. ஆசிரியை குறுக்கிட்டார். “அவன் பயத்துல தப்பு இல்லை. யாரும் அவனை எதுவும் சொல்லக் கூடாது. விசாரணை வேண்டாம்னு ஒருத்தர் சொன்னாலும் நான் எழுதிக் கொடுத்துடுறேன்.”

  கொக்கு மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்தான்.

“நான் காப்பி அடிக்கலை டீச்சர். எனக்கு நிஜமாவே புரிஞ்சுது. வேதியியல்ல எனக்குப் புரிஞ்சது அது ஒண்ணுதான். அதைப் போய் காப்பின்னு சொல்றாங்க. கேட்கட்டும். நான் முதல்ல போறேன்.”

அதிகாரி வந்தார். அவரும் ஒரு காலத்தில் வேதியியல் நடத்தியவர்தான். முகத்தில் அதற்கான அடையாளம் எதுவும் இல்லை. மாணவர்களை நூலகத்தில் உட்காரவைத்து, ஒவ்வொருவராகத் தலைமையாசிரியர் அறைக்கு அழைக்கச் செய்தார். போனவர் திரும்ப நூலகத்துக்கு வரக் கூடாது. ஆசிரியை மூலை நாற்காலியில் இருக்கலாம். வாய் திறக்கக் கூடாது. அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. “அந்தக் கேள்வியைக் கேட்காதீங்க சார். அவங்க பார்க்காத ஒண்ணைக் கேளுங்க.” அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

கொக்கு உள்ளே வந்து நின்றான். அதிகாரி ஒரு தாளில் வேறொரு வினையை எழுதினார்: ஒரு வாயு இரண்டு வாயுக்களாகப் பிரியும் வினை. “மூடின பாத்திரம். உள்ளே ஆர்கான் விடுறேன். எந்தப் பக்கம் போகும்?”

அவன் தாளை வெறித்துப் பார்த்தான்.   அவன் உதடுகள் எதையோ எண்ணின.

“திரும்பி வரும் சார். இடது பக்கம்.”

“அம்மோனியா வலது பக்கம் போச்சே?”

“அங்க நாலு ரெண்டாச்சு. இங்க ரெண்டும் சேர்ந்து இடது பக்கம்தான் ஒண்ணாகும். கூட்டம் ஏறினா எங்க ஆள் கம்மியோ அங்கதான் சார் ஒடுங்கணும்.”

“ஆர்கானே விடலை. பாத்திரத்தையே சின்னதாக்கிட்டேன். அப்போ?”

“பஸ்ஸே சின்னதாயிட்டா இன்னும் நெருக்கம்தானே சார். அதுவும் இடது பக்கம்தான்.”

முதல் விடை தவறு. இரண்டாவது விடை நூற்றுக்கு நூறு சரி. ஆனால் இரண்டுமே யாரையும் பார்த்து எழுதக்கூடிய விடைகள் அல்ல. சொன்னவனுக்குள் ஒரு காரணம் உட்கார்ந்திருந்தால் மட்டுமே வரக்கூடியவை. அதிகாரி அடுத்தவரை அழைத்தார். அடுத்தவரும், அதற்கடுத்தவரும் வந்தார்கள். ஒருவன் பேருந்துக்குப் பதில் மின்தூக்கியைச் சொன்னான். ஒருத்தி படம் வரைந்து காட்டினாள். ஒருவன் திக்கித் திணறி, வினையைத் தலைகீழாகப் படித்துவிட்டுப் பிறகு தானே திருத்திக்கொண்டான். எல்லோரும் தவறாகச் சொன்னார்கள். எல்லோரும் தத்தம் சொந்த வழியில் தவறாகச் சொன்னார்கள்.

கடைசியாக வக்கீல் வந்தாள். கேள்வியைக் கேட்டதும் அவள் உடனே பதில் சொன்னாள்.

“எந்தப் பக்கமும் போகாது சார். அப்படியே இருக்கும்.”

 அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “பரீட்சையில வேற எழுதியிருக்கியே? யார் சொன்னாங்க இது?”

“யாரும் சொல்லலை. டீச்சர்கிட்ட கேட்டோம், சொல்ல மாட்டேன்னுட்டாங்க. எங்க டீச்சர் பதில் சொல்லலைன்னா ஏதோ கோளாறுன்னு தெரிஞ்சுது. வீட்டுல உட்கார்ந்து யோசிச்சேன். கூட்டம் ஏறினா இவங்க இடம் குறையணும். ஆர்கான் வந்தாலும் பாத்திரம் அதேதான், இவங்க இடமும் அதேதான். மொத்த அழுத்தம் கூடுது, இவங்களோட அழுத்தம் கூடலை. என் உதாரணம் பாத்திரத்தைச் சுருக்கினா சரி. இதுக்குத் தப்பு.”

“கண்டுபிடிச்சுட்டு மத்தவங்களுக்கு ஏன் சொல்லலை?”

“சொன்னா மறுபடி எல்லாரும் ஒரே மாதிரி சொல்லுவாங்க. மறுபடி காப்பின்னு நீங்க சொல்லுவீங்க.”

தலைமையாசிரியர் சிரிப்பை இருமி மறைத்துக்கொண்டார். வக்கீலின் குரல் அதற்கு மேல் உடைந்தது. “நான்தான் சார் அவங்களுக்குத் தப்பா சொல்லிக்கொடுத்தேன். என் மார்க்கை மட்டும் வெட்டுங்க.”

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். முதன்முறையாக அந்த முகத்தில் பழைய வேதியியல் ஆசிரியர் எட்டிப்பார்த்தார். “தப்புக்கு மார்க் கிடையாதும்மா. யாருக்கும் கிடையாது. ஆனா நீங்க யாரும் காப்பி அடிக்கலை. அதை நான் எழுதிடுறேன்.”

முடிவுகள் வெளிவந்தன. வகுப்பே தேறியது, ஒருவனைத் தவிர. அந்தக் கேள்விக்கான மதிப்பெண் கிடைத்திருந்தால் கொக்கு தேறியிருப்பான். கருணை மதிப்பெண் என்ற வழியை அன்று வேண்டாம் என்றவர்களில் அவனும் ஒருவன்.

ஆசிரியை அவன் வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனவர், வாசலில் கொக்குவின் அப்பாவைக் கண்டார். லாரியைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தார்.

“பட்டறையில இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கிறேன் டீச்சர். மனசு கஷ்டமாத்தான் இருக்கு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா இவன் யார் முன்னாடியும் நின்னு வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. அதிகாரி முன்னாடி முதல் ஆளா போய் நின்னேன்னு சொன்னான். நாலு பேர்கிட்ட சொல்லிட்டேன்.”

உள்ளே கூடத்தில் கொக்கு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எதிரே வக்கீல், புத்தகத்தோடு. துணைத்தேர்வு முடியும்வரை அவள் ஒரு நாளும் தவறவில்லை. அவன் தேறினான்; ஆனால் பட்டறை அவனுக்காகக் காத்திருக்கவில்லை, அடுத்த ஆண்டுதான் சேர்த்துக்கொண்டது. அந்த ஓராண்டு தாமதத்தை ஆசிரியை ஒருபோதும் சின்ன விஷயமாகப் பேசியதில்லை. “நல்லதுக்குத்தான் நடந்தது” என்று எங்களில் யாரோ ஆறுதல் சொன்னபோது, “அவனுக்கு அது நல்லது இல்லை” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அம்மையீர்! இனி மீண்டும் ‘நீங்கள்’ என்று அழைக்க அனுமதியுங்கள். கதை முடிந்துவிட்டது, இனி நீங்கள் எழுந்து போனாலும் எங்களுக்கு நட்டமில்லை.

அதன் பிறகு நீங்கள் மாறினீர்கள். மாலை வேளைகளில் ஆய்வகம் மாணவர்களுக்காகத் திறந்தே இருந்தது. ஐயம் கேட்டு வருபவரிடம், “யார்கிட்ட எல்லாம் கேட்டுட்டு வந்தே?” என்று கேட்கத் தொடங்கினீர்கள். வேலையைத் தட்டிக்கழிக்கிறார் என்று முணுமுணுத்தவர்கள் எங்களிலும் உண்டு. அந்த முணுமுணுப்பை இன்று இந்த மேடையில் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். கணக்காசிரியர் உங்களைப் பார்த்துத் தம் வகுப்பிலும் அதைச் செய்தார். தமிழாசிரியர் செய்தபோது மாணவர்கள் கூடி அவருக்கே யாப்பில் பிழை கண்டுபிடித்தார்கள். அவர் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் பிழைதான் என்று ஒப்புக்கொண்டார். உங்கள் பணிக்காலத்தின் பெருமைகளை எண்ணிப் பட்டியலிட்டால் இந்தக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மடல் அடங்காது. அடங்காதவற்றை எங்கள் நெஞ்சிலேயே வைத்துக்கொள்கிறோம்.

சென்ற வாரம் நடந்த ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறோம். மாலையில் நீங்கள் ஆய்வகத்தின் பக்கமாக வந்தீர்கள். உள்ளே இந்த ஆண்டு மாணவர்கள் சிலர் ஒரு பழைய கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நீல நிறச் செப்புக் கரைசல், அதில் இரண்டு செப்புத் தகடுகள், மின்சாரம் பாய்ச்சினால் நீலம் வெளுக்குமா? வெளுக்கும் என்றான் ஒருவன், அடித்துச் சொன்னான். “அப்போ இந்தத் தகடு ஏன் இளைச்சுப் போச்சு?” என்றாள் ஒருத்தி. நீங்கள் கதவருகே நின்றீர்கள். ஒரு சொல் போதும், உங்களுக்குத் தெரியும். பின்னால் வந்துகொண்டிருந்த எங்களுக்கு, நீங்கள் உள்ளே போய்விடுவீர்கள் என்றுதான் தோன்றியது. உள்ளே தகடு கைமாறியது. பிறகு அந்தப் பையன், “ஓ... இது கரைஞ்சு கரைசலுக்குள்ள போகுது. அந்தத் தகட்டுல போய் ஒட்டினதுக்கு இது சரியாப் போச்சு. நீலம் வெளுக்காது” என்றான். நீங்கள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஓசைப்படாமல் படியிறங்கிப் போனீர்கள்.

நெடிது வாழ்க நீங்கள்! நோயின்றி, குறையின்றி, நினைத்த நேரத்தில் எழுந்து, நினைத்த நேரத்தில் உறங்கி, நெருங்கியோர் சூழ நிறைவோடு வாழ்க! இங்கே மாலையில் ஆய்வகத்தின் கதவு திறந்திருக்கும். அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உங்களோடு பணியாற்றும் பேறு பெற்ற,
ஆசிரியர்கள், அலுவலர்கள், ஆய்வக உதவியாளர்